ஆற்று வாளை ஏறும் வழி: கொங்கு ஆறுகளில் வாளையைத் தேடிப் போவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பவானி கூடுதுறைக்குக் கொஞ்சம் கீழே, பரிசலைக் கவிழ்த்து வைத்து உட்கார்ந்திருந்த ஒரு மீன்காரரிடம் பல வருஷம் முன்பு கேட்டேன்: "ஏனுங்கண்ணா, வாளை விழுகுதுங்களா?" அவர் ஆற்றைக் கை காட்டினார். "தண்ணி எப்படிப் போகுதுன்னு பாருங்க தம்பி. அடிப்பாறை தெரியுது. இப்ப அது பொந்துல படுத்துக் கெடக்கும். மேக்க மழை பேஞ்சு, தண்ணி கலங்கி ஏறட்டும். அதுவா வெளிய வரும்."

மீனைப் பற்றிக் கேட்டேன், தண்ணீரைப் பற்றிப் பதில் வந்தது. அதன்பின் மேட்டூர் முதல் கொடுமுடி வரை எத்தனையோ கரைகளில் நின்றிருக்கிறேன். அவர் சொன்ன வரிசைதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன். வாளை ஏறும் வழியை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மீன் அந்த வழியில்தான் இருக்கும். விலங்கியல் படிக்கும் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு கிளம்புகிறவர்கள், வாய்க்கால் ஓரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லோரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: எந்த வாளை என்று முதலில் தெளிவாகுங்கள்

கடற்கரை ஊர்க்காரரிடம் வாளை என்றால், வெள்ளி நாடா மாதிரி நீண்ட கடல்மீனைச் சொல்வார். நாம் பேசுவது அதுவல்ல. இது முழுக்க நன்னீரில் வாழும், செதில் இல்லாத, மீசையுள்ள கெளுத்தி வகை. அறிவியல் பெயர் வல்லாகோ அட்டு. ஜெர்மானிய மீனியலாளர் ப்ளாக் எழுதி வைத்ததை அவர் காலத்துக்குப்பின் ஷ்னைடர் 1801இல் வெளியிட்டபோது இந்த மீனுக்கு 'அட்டு' என்ற பெயர் பதிவானது. நம் ஊரில் 'ஆத்து வாளை' என்கிறோமே, அந்த 'ஆத்து'தான் எனக்கு அதில் கேட்கிறது.

கையில் ஒரு மீன் கிடைத்தால் வாயிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். வாய் மிக அகலமாகப் பிளந்து, அதன் ஓரம் கண்ணையும் தாண்டிப் பின்னால் போயிருந்தால் அது வாளை. வாளைக்கு நெருங்கிய உறவான ஓம்பாக் இனச் சின்ன வாளைக்கு வாய் கண்ணுக்கு முன்பே முடிந்துவிடும். செவுளுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளியும் இருக்கும். சந்தையில் இரண்டையும் ஒரே கூடையில் போட்டு விற்பார்கள். இந்த ஒரு அடையாளம் தெரிந்தால் குழப்பம் வராது.

அடுத்தது மீசை. வாளைக்கு இரண்டே ஜோடி. மேல்தாடை மீசை உடம்பின் பாதி வரை நீளும், கீழ்த்தாடை மீசை குட்டையானது. முதுகுத் துடுப்பு மிகச் சிறியது, அதில் முள் கிடையாது. அடித்துடுப்போ வயிற்றுக்குப் பின்னால் தொடங்கி வால் வரை ஒரே பாவாடை விளிம்பு மாதிரி ஓடும். அதில் 70க்கும் மேற்பட்ட நரம்புகள் உண்டு. உடம்பு பக்கவாட்டில் தட்டையாக இருக்கும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியோடு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அதற்கு நான்கு ஜோடி மீசை, மண்டை எலும்புத் தகடு போல் கடினம், முதுகுத் துடுப்பு கழுத்துக்குப் பின்னால் தொடங்கி வால் வரை நீளம். வாளையில் நீளத் துடுப்பு அடியில், ஆப்பிரிக்கக் கெளுத்தியில் மேலேயும் அடியிலும். நம் சாதாரணக் கெளுத்திக்கு முதுகிலும் தோளிலும் குத்தும் முள் உண்டு, வாலுக்கு முன்னால் கொழுப்புத் துடுப்பு ஒன்றும் உண்டு. வாளைக்கு அந்தக் கொழுப்புத் துடுப்பு கிடையாது.

அளவைப் பொறுத்தவரை, வலையில் அதிகம் வருவது முக்கால் மீட்டருக்கு உட்பட்டவை. ஒரு மீட்டரைத் தாண்டியதைப் பார்த்தால் அது பல வெள்ளம் கண்ட மீன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2 மீட்டருக்கு மேல் வளர்ந்ததாகவும் பதிவுகள் உண்டு.

படி 2: கலங்கல் தண்ணீருக்கென்று அமைந்த உடம்பு

வாளையின் கண் சிறியது. செம்மண் கரைந்து ஓடும் ஆற்றில் கண்ணை நம்பிப் பயனில்லை. மீசையிலும் தோலிலும் சுவை உணரும் மொட்டுகள் இருக்கின்றன. உடம்போரக் கோடு தண்ணீரின் அசைவைப் பிடிக்கிறது. கெளுத்தி இனத்துக்குப் பொதுவாக, காற்றுப்பையிலிருந்து உள்காது வரை சின்னச் சின்ன எலும்புகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். அதனால் செவிக்கூர்மை அதிகம். பக்கத்தில் நகரும் இரையின் தசையிலிருந்து கசியும் நுண்ணிய மின்சாரத்தைக்கூடத் தோல் வழியாக உணர முடியும். பகலெல்லாம் மந்தமாகக் கிடந்து, இருட்டியதும் அது வேட்டைக்குக் கிளம்புவதும், கலங்கல் வந்தால் துணிச்சல் பெறுவதும் இதனால்தான். இருட்டிலும் கலங்கலிலும் மற்ற மீன்கள் தடுமாறும், வாளை தடுமாறாது.

குஞ்சாக இருக்கும்போது நீர்ப்பூச்சி, இறால் குஞ்சு என்று தின்னும். வளர்ந்தபின் பெரும்பாலும் மீன்தான் உணவு: கெண்டைக் குஞ்சு, ஜிலேபி, எது கிடைத்தாலும். தாடையில் சீப்பு மாதிரி உள்நோக்கிச் சாய்ந்த சிறு பற்கள் வரிவரியாக இருக்கும். உள்ளே போனது வெளியே வராது. தன் இனத்தையே தின்னும் குணமும் உண்டு. ஒரே முட்டைக் கூட்டத்தில் பொரித்த குஞ்சுகள் சில நாளிலேயே ஒன்றையொன்று விழுங்கத் தொடங்கும். பண்ணையில் வாளைக் குஞ்சு வளர்ப்பது கடினம் என்பதற்கு முதல் காரணம் இது.

இன்னொன்றை நன்றாக மனதில் வையுங்கள். விராலும் தேளியும் காற்றை நேராகச் சுவாசிக்கும். சேற்றுக் குட்டையிலும் பிழைத்துக்கிடக்கும். வாளைக்கு அந்த வசதி கிடையாது. செவுள் வழியாகத் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை எடுத்துத்தான் வாழ வேண்டும். குட்டை சூடாகி, தண்ணீர் நாறத் தொடங்கினால் முதலில் சாகிறவற்றில் ஒன்று வாளை. முரட்டு மீன் என்று பெயர் எடுத்திருந்தாலும் உள்ளுக்குள் மென்மையானது. ஒரு மடுவில் வருஷம் முழுக்க வாளை தங்கியிருக்கிறதென்றால் அந்தத் தண்ணீருக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று நான் நம்பிச் சொல்வேன்.

படி 3: கோடையில் அதன் வீட்டைக் கண்டுபிடியுங்கள்

பங்குனி, சித்திரையில் ஆறு இளைத்துக் கிடக்கும்போதே ஒருமுறை கரை முழுக்க நடந்துவிடுங்கள். வெள்ளம் வந்தபின் எதுவும் தெரியாது. வாளைக்கு வேண்டியது மூன்று: ஆழமான மடு, படுக்கப் பொந்து, பக்கத்தில் சின்ன மீன்கள் மேயும் ஆழமில்லாத இடம்.

ஆறு திரும்பும் வளைவின் வெளிக்கரையைப் பாருங்கள். அங்கே தண்ணீர் மோதி மோதி அடிக்கரையைக் குடைந்திருக்கும். நீர்மருது, நாவல், புங்கன் போன்ற மரங்கள் நின்றால் வேர்கள் தண்ணீருக்குள் தொங்கிக் குகை மாதிரி இருக்கும். வாளை பகலில் அங்கேதான் படுக்கும். பாறை இடுக்கு, பழைய படித்துறையின் அடி, அணைக்கட்டுக்குக் கீழே தண்ணீர் விழுந்து பறித்த பள்ளம் எல்லாம் இதே கணக்கில் வரும். மணல் அள்ளிய இடத்திலும் ஆழம் இருக்கும், ஆனால் கரை இடிந்து சரிந்திருக்கும், நிழல் இருக்காது, பொந்தும் இருக்காது. ஆழம் மட்டும் பார்த்து அதை மடு என்று குறித்துவிடாதீர்கள்.

மரம் நிற்கும் கரையை ஒரு நோட்டில் வரைந்து வையுங்கள். அப்புறம் அந்த மரத்தை யாராவது வெட்டினால் அது மீனுக்கும் நட்டம் என்று சொல்ல உங்கள் கையில் ஒரு படம் இருக்கும்.

படி 4: தண்ணீரின் நாட்காட்டியைப் படியுங்கள்

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன்.

வாளை இடம்பெயரும் மீன். ஆனால் விலாங்கு மாதிரி கடலுக்குப் போவதில்லை. அதன் பயணம் முழுக்க ஆற்றுக்குள்ளேதான். இரண்டு திசையில் நகரும். ஒன்று, ஆற்றோடு மேல்நோக்கி. இன்னொன்று, பக்கவாட்டில்: வெள்ளம் ஏறிய புல்வெளி, ஓடை, வாய்க்கால், வயலோரம். இந்தியாவில் அதன் முட்டையிடும் காலம் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அதாவது நமக்கு வைகாசிக் கடைசி தொடங்கி ஆவணி வரை. நீர்மட்டம் ஏறுவது, ஓட்டம் கூடுவது, கலங்கல், வெயிலில் காய்ந்த தண்ணீர் சற்றே குளிர்வது எல்லாம் சேர்ந்து அதைக் கிளப்பிவிடுகிறது.

முட்டையிட அது தேடுவது புதிதாக நனைந்த ஆழமில்லாத இடம். அங்கே ஆணும் பெட்டையும் ஜோடியாகச் சேரும். பெரிய பெட்டை ஒன்று லட்சத்துக்கும் மேல் முட்டையிடும். முட்டையைக் காவல் காப்பதில்லை, விட்டுவிட்டு ஆழத்துக்குத் திரும்பிவிடும். நம் வெயிலின் சூட்டில் ஏறக்குறைய ஒரு நாளிலேயே முட்டை பொரிந்துவிடும். புதிதாக நனைந்த மண்ணில் நுண்ணுயிரும் பூச்சியும் பெருகியிருக்கும். குஞ்சுக்கு முதல் சோறு அது. பழைய மருதத் திணைப் பாட்டுகளில் வயலுக்கும் வாளைக்கும் அத்தனை நெருக்கம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் ஆறும் வயலும் ஒரே தண்ணீரில் இருந்தன.

கொங்கு நாட்டில் இதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் மலையின் மழை மறைவில் இருக்கிறோம். ஆனி, ஆடியில் குடகிலும் வயநாட்டிலும் நீலகிரியிலும் கொட்டும் தென்மேற்கு மழையால் காவிரியும் பவானியும் பெருகும், ஆனால் நம் ஊரில் அப்போது காற்றுதான் அடிக்கும். உள்ளூர்ப் பள்ளங்கள் காய்ந்து கிடக்கும். அந்தப் பள்ளங்களில் தண்ணீர் ஓடுவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவத்தில். வாளை முட்டையோடு ஏறும் மாதத்தில் பக்கத்து ஓடை வறண்டிருக்கிறது. ஓடையில் தண்ணீர் வரும்போது வாளையின் முக்கியப் பருவம் முடிந்திருக்கிறது. அதனால் நம் பக்கம் ஆற்றங்கரைப் புல்வெளியும், கோரை முளைத்த விளிம்பும், பாசன வாய்க்காலும்தான் பக்கவாட்டுத் தண்ணீரின் வேலையைச் செய்கின்றன என்பது என் கணிப்பு. 1283இல் கட்டியதாகச் சொல்லப்படும் காலிங்கராயன் அணைக்கட்டிலிருந்து பிரியும் வாய்க்காலும், கொடிவேரியிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும் நூற்றாண்டுகளாக மண் கரையோடு ஓடிவந்தவை. அவற்றின் ஓரம் நாணலும் வேரும் பொந்தும் நிறைந்து, கிட்டத்தட்ட ஒரு கிளையாறு போலவே ஆகிவிட்டன.

இன்னொரு சிக்கல் அணைகளால் வந்தது. மேட்டூர் அணை 1934இல் முடிந்தது, பவானிசாகர் 1955இல், அமராவதி 1957இல். அதற்குப்பின் அணைக்குக் கீழே ஆறு எப்போது ஏறும் என்பதை மதகு முடிவு செய்கிறது. மேட்டூரில் டெல்டா பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. இரண்டு வருஷ இடைவெளியில் திறப்பு நாளில் இரண்டு மாதத்துக்கும் மேல் வித்தியாசம். மீனின் உடம்பு மழைக்காலத்தை எதிர்பார்த்து முட்டையைத் தயார் செய்துகொண்டிருக்கும், தண்ணீர் வந்து சேராமல் போகலாம். அடி மதகு வழியாக வரும் தண்ணீர் குளிர்ச்சியாகவும் தெளிவாகவும் இருக்கும். புதுவெள்ளத்தின் மண்வாசமும் கலங்கலும் அதில் குறைவு.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது எளிது. மே கடைசியிலிருந்து தினமும் செய்தித்தாளில் வரும் அணை நிலவரத்தை எழுதி வையுங்கள்: காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் வரத்து எத்தனை கனஅடி, மேட்டூரில் திறப்பு எத்தனை, பவானிசாகர் நீர்மட்டம் எத்தனை அடி. பில்லூர் அணை நிரம்பி உபரிநீர் திறந்தார்கள் என்ற செய்தி வந்தால் பவானி மேல்பகுதியில் வாளையைப் பார்க்கப் போகும் நேரம் வந்துவிட்டது. எண் பெரிதா சின்னதா என்பதைவிட, நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு கூடியது என்பதைக் கவனியுங்கள். நிலையாக ஓடும் பெரிய ஓட்டத்தைவிட, ஏறும் தண்ணீருக்குத்தான் மீன் அசைகிறது.

படி 5: வழி எங்கே திறந்திருக்கிறது, எங்கே அறுந்திருக்கிறது

ஒரு பெரிய தாளில் காவிரியை வரையுங்கள். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாக மின்நிலையக் கதவணைகள். பவானி தாண்டினால் இன்னும் சில. ஆறு அங்கே படிக்கட்டுபோல் நீண்ட குளங்களாக நிற்கிறது. குளத்துக்குள் வாளை வாழும், இரையும் உண்டு. ஆனால் மேலே ஏறும் மீன் அடுத்த கதவில் முட்டி நின்றுவிடுகிறது. ஆனி, ஆடியில் கதவணைக்குக் கீழே மீன் கூடுவதும், அங்கேயே வலை விழுவதும் இதனால்தான்.

கதவுகளை முழுவதுமாகத் தூக்கும் நாட்கள் வரும். 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து 2 லட்சம் கனஅடிக்கு மேல் வெளியேறியபோது பள்ளிபாளையம், குமாரபாளையம் கரையோரமெல்லாம் தண்ணீர் புகுந்தது. அப்படிப்பட்ட பெருவெள்ளத்தில் கதவணைக்கு மேலும் கீழும் உள்ள மட்டம் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். வெள்ளம் தணியத் தொடங்கும் ஓரிரு நாளில்தான் மீனுக்கு வழி இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த நாட்களில் கதவணைக்கு மேலே முன்பு வாளை பார்க்காத மடுவில் வாளை தென்பட்டால், தேதியோடு எழுதி வையுங்கள். மதிப்புள்ள தகவல் அது.

வழி உண்மையாகவே திறந்திருக்கும் இரண்டு இடங்களை நான் எப்போதும் சொல்வேன். ஒன்று, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேல்முனை. பண்ணவாடி, நாகமரை, ஒட்டனூர் வரை தேங்கிய தண்ணீர். அதற்கு மேலே ஒகேனக்கல் வரை பாறைகளுக்கிடையே தடையில்லாத ஆறு. தேக்கத்தில் வளர்ந்த வாளை வெள்ளம் வரும்போது மேலே ஏற அங்கே இடம் இருக்கிறது. மற்றொன்று, பவானிசாகருக்கு மேலே மாயாறு. தெங்குமரஹடா பக்கம் காட்டுக்குள் ஓடிவரும் அந்த ஆறு நேராகத் தேக்கத்தில் வந்து சேர்கிறது. பெரிய தண்ணீரும் அதன் தலைமாட்டில் சுதந்திரமான ஆறும் சேர்ந்திருக்கும் அமைப்பு நமக்கு மிச்சமிருப்பது இவ்வளவுதான். இந்த இரண்டு இடத்திலும் தோட்டா, கரண்ட், பிளீச்சிங் பவுடர் எதையும் விடக்கூடாது. வெடியும் விஷமும் போட்டு மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடுக்கிறது.

பவானி, பவானிசாகருக்குக் கீழே கொடிவேரியிலும் காலிங்கராயனிலும் தடைபடுகிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் நல்ல மடுக்கள் உண்டு. அமராவதி, தாராபுரத்துக்குக் கீழே பாதி வருஷம் மணலாகக் கிடக்கும். திருமுக்கூடலூரில் காவிரியோடு சேரும் முகத்தை மட்டும் பாருங்கள், வெள்ள நாளில் காவிரி வாளை உள்ளே நுழையும் இடம் அது. நொய்யலைப் பற்றி எழுதும்போது மனம் கனக்கிறது. வெள்ளியங்கிரியில் பிறந்து வரும் அந்த ஆற்றில் 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குப் பதில் சாயக்கழிவைத் தேக்கும் குட்டையாகிப்போனது. 2011இல் உயர்நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்கு நிலைமை போனது. காற்றைச் சுவாசிக்கத் தெரியாத வாளைக்கு அப்படிப்பட்ட தண்ணீரில் இடமில்லை.

படி 6: கரையில் நின்று பார்ப்பது

தண்ணீர் ஏறத் தொடங்கிய இரண்டாம் நாள் போங்கள். விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது இருட்டி ஒரு மணி நேரம் கழித்து. டார்ச்சின்மேல் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றுங்கள். கரையில் தடதடவென்று நடக்காதீர்கள், மண் வழியாக அதிர்வு தண்ணீருக்குப் போகும்.

பார்க்க வேண்டியது புல் மூழ்கிய விளிம்பு. கெண்டை துள்ளினால் சின்னச் சத்தம், வட்ட அலை. வாளை ஜோடி புரண்டால் தண்ணீர் கனமாகப் புரளும், நீளமான வெள்ளிப் பக்கம் ஒரு கணம் தெரிந்து மறையும், புல் நுனிகள் வரிசையாக ஆடும். வேட்டையென்றால் சின்ன மீன்கள் சிதறித் தெறிக்கும், பின்னால் ஒரே ஒரு 'கொளக்'. இதைக் காதால் பிரிக்கப் பழக இரண்டு மூன்று பருவம் ஆகும். அவசரம் வேண்டாம்.

பாதுகாப்பு முக்கியம். மேட்டுப்பாளையம் பக்கம் பில்லூரில் தண்ணீர் திறந்தால் பவானி திடீரென்று ஏறும். ஆற்று நடுப் பாறையில் உட்கார வேண்டாம். அமராவதி, மாயாறு, பவானிசாகரில் முதலை உண்டு. மாயாறும் பவானிசாகரின் காட்டுப் பகுதியும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள், யானை நடமாட்டமும் அதிகம். எங்கும் தனியாகப் போகாதீர்கள். உள்ளூர் மீன்காரர் ஒருவரை அண்ணா என்று அழைத்து, அவர் நேரத்துக்கு உரிய கூலி கொடுத்துக் கூட்டிப்போவது எல்லா வகையிலும் நல்லது.

படி 7: எழுதி வையுங்கள்

தேதி, நேரம், இடம், அணைத் திறப்பு, தண்ணீரின் வெப்பம். இவற்றோடு கலங்கலையும் அளந்துவிடுங்கள். 20 செ.மீ. அகலமுள்ள வட்டத் தட்டை நான்கு பங்காக்கி, கருப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசுங்கள். நடுவில் கயிறும் அடியில் எடையும் கட்டித் தண்ணீரில் இறக்குங்கள். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழம் எத்தனை செ.மீ. என்று குறியுங்கள். தெளிந்த நாளில் ஒரு மீட்டருக்கும் மேல் தெரிந்தது, புதுவெள்ளத்தில் ஒரு சாண்கூடத் தெரியாமல் போவதைப் பார்ப்பீர்கள். மூன்று வருஷம் விடாமல் அளந்தால் வாளை எந்த அளவு கலங்கலில் வெளியே வருகிறது என்று உங்கள் ஊர் ஆற்றுக்கென்று சொல்ல முடியும்.

கரைக்கு வந்த மீனையும் கேட்டு அளக்கலாம். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை நீளம், எடை, வயிறு திறந்தபின் முட்டை இருந்ததா, இரைப்பையில் என்ன மீன். நீர்த்தேக்கத்தில் ரங்கூன் வலை என்ற செவுள்வலையை இழுப்பவர்களிடம் பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் தடுக்க மாட்டார்கள். வாய் ஓரமும் கண்ணும் தெரிய ஒரு படம், அடித்துடுப்பு தெரிய ஒரு படம் எடுத்து உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளத்தில் போட்டால் மற்றவர்களுக்கும் உதவும்.

படி 8: கையில் வந்தால்

தூண்டிலில் வந்தால் வாய்க்குள் விரலை விடாதீர்கள், பல் கிழிக்கும். கையை நனைத்து, தலைக்குப் பின்னால் ஒரு கையும் வயிற்றடியில் ஒரு கையுமாகப் பிடியுங்கள். உலர்ந்த கையோ சுடுமணலோ பட்டால் தோலின் வழவழப்பு உரிந்து புண் வரும்.

வாளைக் குழம்பின் ருசி எனக்கும் தெரியும். முள் குறைவு, சதை மென்மை. சாப்பிட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனி, ஆடியில் வயிறு புடைத்த பெட்டை வந்தால் மட்டும் திருப்பி விட்டுவிடுங்கள். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இந்த மீன் இப்போது அழிவாபத்துக்கு உள்ளாகக்கூடிய வகையில் இருக்கிறது. நீர்த்தேக்கங்களில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வருஷா வருஷம் விடுகிறார்கள், வாளைக் குஞ்சைப் பெரும்பாலும் அப்படி விடுவதில்லை. குஞ்சு விடுவதற்கு முன் பண்ணைக் குட்டைகளில் இலுப்பைப் புண்ணாக்கு போட்டு வாளையையும் விராலையும் ஒழிப்பதும் வழக்கம். குட்டையில் அது தவறில்லை. ஆற்றில் அது தானாக ஏறி, தானாக முட்டையிட்டால்தான் உண்டு.

படி 9: வாய்க்கால் அடைக்கும் நாள்

இந்தப் படியை யாரும் சொல்வதில்லை, எனக்கோ இதுதான் மிக வேண்டியது. கீழ்பவானி, காலிங்கராயன், தடப்பள்ளி எதுவானாலும் மதகை அடைத்ததும் வாய்க்கால் இரண்டு மூன்று நாளில் வடிந்து, மதகடியிலும் பாலத்தடியிலும் குட்டைகளாக நிற்கும். உள்ளே ஏறிய வாளை அங்கே மாட்டிக்கொள்ளும். ஒருமுறை பாலத்தடிக் குட்டை ஒன்றில் மத்தியானம் போய்ப் பார்த்தேன். விரால் மேலே வந்து காற்றுக் குடித்துக்கொண்டிருந்தது. முழ நீளத்தில் ஏழு வாளைக் குட்டிகள் வயிற்றைக் காட்டி மிதந்தன. காலையிலேயே வந்திருந்தால் பிழைத்திருக்கும்.

அடைக்கும் தேதியை வாய்க்கால் பாசன சபைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அடைத்த மறுநாள் முதல் தினமும் காலை வெயில் ஏறுவதற்குள் போங்கள். அகலமான டிரம்மில் குட்டைத் தண்ணீரையே பாதி நிரப்பி, முடிச்சில்லாத மெல்லிய வலையால் அள்ளி விடுங்கள். பெரியதையும் சின்னதையும் ஒன்றாகப் போடாதீர்கள், வழியிலேயே தின்றுவிடும். மேலே ஈரச்சாக்கு போட்டு, அதே வாய்க்காலுக்குத் தண்ணீர் தந்த ஆற்றின் மடுவில் கொண்டுபோய் விடுங்கள். ஆற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக டிரம்மில் ஊற்றி, கால் மணி நேரம் பழகவிட்ட பின் சாய்த்துவிடுங்கள்.

கிணற்றிலோ ஊர்க் குளத்திலோ விட வேண்டாம். பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் மீனை மட்டும் அமராவதியிலோ நொய்யலிலோ கொண்டுபோய் விடாதீர்கள். அந்தத் தண்ணீர் மேற்கே ஓடும் ஆறுகளிலிருந்து திருப்பிக்கொண்டு வந்தது, அதில் வரும் மீன் காவிரியின் மீனாக இருக்காது. அப்படிக் கண்டால் படம் எடுத்து, இடமும் தேதியும் குறித்து, பக்கத்து மீன்வளத்துறை அலுவலகத்தில் காட்டிக் கேட்டபின் செய்யுங்கள்.